எண்ணும்முன் எண்ணுவோம்

நுழையும்முன்

கணினி மெதுவாக இயங்கினால் அதை எவரும் கண்டுகொள்வர். அது ஏன் மெதுவாக இயங்குகிறது என்பதைக் கண்ணால் காண இயலாது. காரணத்தை அறிவதற்காகவே செயலியின் உள்ளே மிகச் சிறிய எண்ணிகள் அமைக்கப்படுகின்றன. அவை எதை எண்ண வேண்டும், எண்ணியதை இயக்க அமைப்பு எவ்வாறு எடுத்துரைக்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது நுட்பமான பணி. அப்பணியின் இயல்பையும் அதிலுள்ள பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

அணைக்கட்டு சொல்லும் பாடம்

பொதிகையில் தோன்றி மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் இறுதியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இவ்வணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என இரு வாய்க்கால்கள் பிரிந்து குளங்களையும் வயல்களையும் நிறைக்கின்றன. எஞ்சிய நீர் அணையின் மேல் வழிந்து புன்னைக்காயல் அருகே கடலைச் சேர்கிறது.

‘இன்று ஆற்றில் எவ்வளவு நீர் வந்தது?’ என்று ஒருவர் இங்கு வினவினால், ஒரே விடை கிடைக்காது. அணைக்கு மேற்புறம் வந்து சேர்ந்த நீர் ஓர் அளவு; வடகால் மதகில் நுழைந்த நீர் மற்றோர் அளவு; தென்காலுக்குச் சென்றது வேறோர் அளவு; கடலுக்குப் போனது இன்னோர் அளவு. நான்கும் உண்மையானவை. ஆயினும் வடகாலின் கடைமடைக் குளத்தை நம்பி நாற்று நட்ட உழவருக்கு, கடலுக்குச் சென்ற நீரின் அளவு விடையாகாது. ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுப்பவருக்கு, வடகால் மதகின் அளவு மட்டும் போதாது.

எங்கே அளப்பது என்பது போலவே, எவ்வளவு நேரத்திற்கு அளப்பது என்பதும் முதன்மையானது. 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அவ்வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் தொடர்வண்டி நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். 95 செ.மீ. என்பது ஒரு நாளின் மொத்தம். அம்மழை எந்த மணியில் எவ்வளவு கடுமையாகப் பெய்தது என்பதை அம்மொத்தம் சொல்லாது. அதை அறிய, மணிக்கு மணி அளந்த வேறொரு பதிவு வேண்டும்.

ஆகவே, ஓர் எண் பொருளுடையதாக வேண்டுமெனில் எதை, எங்கே, எவ்வளவு நேரம் எண்ணினோம் என்பது முன்னதாகவே தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நொடியில் கோடிக்கணக்கான செயல்கள் நிகழும் கணினிச் செயலியை அளப்போர் முன்னும் இதே வினாக்கள்தாம் நிற்கின்றன.

செயலிக்குள் எண்ணிகள்

செயலியின் ஒவ்வோர் அசைவும் ஒரு கடிகாரத் துடிப்பின் தாளத்திற்கு ஏற்ப நிகழ்கிறது. அது ஆணைகளைப் படிக்கிறது, கணக்கிடுகிறது, நினைவகத்திலிருந்து தரவுகளைக் கொணர்கிறது, ‘இப்படியானால் இவ்வழி, இல்லையெனில் அவ்வழி’ என்னும் கிளை ஆணைகளில் எவ்வழி செல்ல நேரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கிறது. இச்செயல்களுள் ஏதேனும் ஒன்று நிகழும்போதெல்லாம் தன் மதிப்பில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் பதிவகமே செயல்திறன் எண்ணி எனப்படுகிறது. அவ்வாறு எண்ணப்படும் செயல் ‘நிகழ்வு’ எனப்படும்.

எண்ண விரும்பும் நிகழ்வுகள் பல, எண்ணிகளோ சில. எனவே ஒவ்வோர் எண்ணிக்கும் ஒரு தெரிவுப் பதிவகம் இணைக்கப்படுகிறது. அதில் எழுதப்படும் குறியீட்டு எண், இப்போது எந்த நிகழ்வை எண்ண வேண்டும் என்பதை எண்ணிக்கு அறிவிக்கும். பல வாய்க்கால்களுள் எதன் மதகைத் திறப்பது என்று முடிவு செய்வதைப் போன்றது இது.

இந்தியாவில் இத்துறையின் நிலையை அறியச் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சக்தி’ செயலித் திட்டம் நல்ல சான்று. பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான அத்திட்டத்தின் செயலிகள் ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் திறந்த ஆணைத்தொகுதியைப் பின்பற்றுகின்றன. 2018இல் உருவாக்கப்பட்ட சக்திச் சில்லில் லினக்ஸ் இயக்க அமைப்பு இயங்கியது. ரிஸ்க்-ஃபைவ் விதிகளின்படி, கடிகாரத் துடிப்புகளை எண்ண ஒன்றும், நிறைவேறிய ஆணைகளை எண்ண ஒன்றுமாக இரு எண்ணிகளின் பொருள் நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது. அவற்றைத் தவிர மேலும் 29 எண்ணிகள் வரை அமைத்துக்கொள்ள இடமுண்டு. அந்த 29இல் எவற்றை எண்ணுவது என்பதை அவ்விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. அது செயலியை வடிவமைப்பவரின் உரிமை. எனவே பொறுப்பும் அவருடையதே.

பெயர் ஒன்று, பொருள் பல

நிகழ்வை வரையறுப்பதில் உள்ள சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1000 வரிசைகளும் 1000 நிரல்களும் கொண்ட ஓர் அணியில் 10 லட்சம் எண்கள் உள்ளன எனக் கொள்வோம். ஓர் எண்ணுக்கு 8 பைட்டு இடம் வேண்டும். நினைவகத்தில் அவை வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. செயலி நினைவகத்தை நாடும்போது ஒவ்வோர் எண்ணாக எடுப்பதில்லை. 64 பைட்டு கொண்ட ஒரு வரியை முழுவதுமாக எடுத்துத் தன் அருகிலுள்ள விரைவான கேஷ் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு வரியில் எட்டு எண்கள் அடங்கும். தேடிய தரவு கேஷில் இல்லாதபோது அது ‘கேஷ் தவறு’ எனப்படுகிறது.

எண்களை வரிசை வழியே கூட்டினால், எட்டு எண்களுக்கு ஒருமுறை மட்டுமே கேஷ் தவறு நேரும். மொத்தம் 1,25,000 தவறுகள். அதே எண்களை நிரல் வழியே கூட்டினால் நிலைமை மாறுகிறது. அடுத்தடுத்து வரும் ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறு வரியில் உள்ளது. 32 கிலோபைட்டு கேஷில் 512 வரிகளே அடங்கும். எனவே 1000 வரிசைகளையும் கடந்து அடுத்த நிரலுக்குத் திரும்புவதற்குள், முன்பு கொணர்ந்த வரிகள் இடமின்றி வெளியேற்றப்பட்டிருக்கும். பழைய வரிகளை முதலில் நீக்கும் கேஷில், ஏறத்தாழ ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தவறு என 10 லட்சம் தவறுகள் நேரும். இரு நிரல்களும் செய்யும் கூட்டல்கள் ஒன்றே, விடையும் ஒன்றே. ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் இயங்குவதன் காரணத்தைக் கேஷ் தவறுகளின் எண்ணிக்கை வெளிப்படுத்திவிடுகிறது.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைய செயலிகள் பல, வரிசையாகத் தரவு கேட்கப்படுவதை உணர்ந்து, அடுத்த வரியைக் கேட்கும் முன்னரே கொணர்ந்துவிடுகின்றன. இது முன்கொணர்வு எனப்படும். அத்தகைய செயலியில் வரிசை வழிக் கூட்டலின்போது எத்தனை கேஷ் தவறுகள் நிகழ்ந்தன? நிரல் கேட்டும் கிடைக்காத தரவுகளை மட்டும் எண்ணினால் விடை மிகச் சிறியதாகும். கேஷுக்குள் கொணரப்பட்ட வரிகளை எண்ணினால் விடை 1,25,000 ஆகவே இருக்கும். ஒரு வரி வந்துகொண்டிருக்கும்போது அதே வரியிலுள்ள மற்றோர் எண்ணை நிரல் கேட்டால், அதைப் புதிய தவறாகக் கொள்வதா, பழைய தவறின் தொடர்ச்சியாகக் கொள்வதா என்பது மற்றொரு வினா.

ஆணைகளை எண்ணுவதிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. ஊகித்த வழியில் சென்று சில ஆணைகளைச் செய்யத் தொடங்கிய செயலி, ஊகம் பிழையெனத் தெரிந்ததும் அவற்றைக் கைவிட்டுத் திரும்புகிறது. தொடங்கிய ஆணைகளின் எண்ணிக்கை வேறு. நிறைவேறிய ஆணைகளின் எண்ணிக்கை வேறு.

இவற்றுள் எந்த வரையறையும் தன்னளவில் தவறானதன்று. நினைவகத்திற்கான போக்குவரத்தை ஆராய்பவருக்குக் கொணரப்பட்ட வரிகளின் எண்ணிக்கை தேவை. நிரல் எங்கே காத்துக் கிடந்தது என்று ஆராய்பவருக்கு மற்றது தேவை. வரையறையைச் சொல்லாமல் ‘கேஷ் தவறு’ என்னும் பெயரை மட்டும் சூட்டிவிடுவதே பிழை. அப்போது எண்ணி சரியாக எண்ணும். படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார். பழுதில்லாத பகுதியைத் திருத்துவதில் அவருடைய உழைப்பு வீணாகும்.

தெரிந்து தெளிவோம்

1993இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலியில் செயல்திறன் எண்ணிகள் இருந்தன. ஆனால் அவற்றின் விவரங்கள் பொதுக் கையேட்டில் இடம்பெறவில்லை. நார்வே நாட்டு நிரலாளர் டெர்யே மாதிசன் அவற்றைக் கண்டறிந்து 1994இல் ‘பைட்’ இதழில் வெளியிட்டார். 2009இல் வெளியான லினக்ஸ் 2.6.31 பதிப்பு முதல், செயல்திறன் எண்ணிகளைப் பயன்படுத்துவதற்கான பொது அமைப்பு அதன் கருவகத்திலேயே இடம்பெற்றுள்ளது.

இயக்கியின் மொழிபெயர்ப்பு

எண்ணிகளும் குறியீட்டு எண்களும் செயலிக்குச் செயலி வேறுபடும். நிரல் எழுதுவோர் ஒவ்வொரு செயலியின் குறியீட்டையும் மனத்தில் வைத்திருக்க இயலாது. எனவே இயக்க அமைப்பு ‘துடிப்புகள்’, ‘ஆணைகள்’, ‘கேஷ் தவறுகள்’, ‘கிளை ஊகப் பிழைகள்’ போன்ற சில பொதுப் பெயர்களை வைத்துள்ளது. பொதுப் பெயரைக் குறிப்பிட்ட செயலியின் குறியீடாக மாற்றித் தருவது சாதன இயக்கி என்னும் மென்பொருளின் கடமை. இயக்கியினுள் இதற்கென ஓர் அட்டவணை எழுதப்பட்டிருக்கும்.

அவ்வட்டவணையை எழுதுவது ஒருவகை மொழிபெயர்ப்பு. ஒரு பொதுப் பெயருக்கு நிகரான நிகழ்வு செயலியில் இல்லாவிட்டால், ஏறத்தாழ ஒத்துவரும் மற்றொன்றை அவ்விடத்தில் வைத்துவிடும் ஆவல் எழும். அவ்வாறு செய்தால் பயன்படுத்துபவருக்கு ஏதோ ஓர் எண் கிடைக்கும். அது தாம் கேட்டதன்று என்பது அவருக்குத் தெரியாது. சிறந்த இயக்கி அத்தகைய இடத்தில் ‘இந்நிகழ்வு இங்கு இல்லை’ என்றே விடையளிக்கும். லினக்ஸின் அளவீட்டுக் கருவியிலும் ‘ஆதரிக்கப்படவில்லை’ என்னும் பொருளில் விடை வருவதுண்டு. பொய்யான எண்ணைவிட மெய்யான வெற்றிடம் மேலானது. அச்செயலிக்கே உரிய சிறப்பு நிகழ்வுகளை எண்ண விரும்புவோர், பொதுப் பெயரை விடுத்துக் குறியீட்டு எண்ணையே நேரடியாகத் தரவும் வழி உண்டு.

யாருடைய செயலை எண்ணுவது என்பதையும் இயக்கியே காக்கிறது. ஒரே செயலியில் பல நிரல்கள் மாறி மாறி இயங்குகின்றன. ஒரு நிரலின் முறை முடிந்ததும் அதன் கணக்கை எடுத்து வைத்துவிட்டு, மீண்டும் அதன் முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தவறினால் ஒருவர் செலவு மற்றவர் கணக்கில் ஏறிவிடும். நிரலின் சொந்த ஆணைகளை மட்டும் எண்ணுவதா, அதற்காகக் கருவகம் செய்த வேலையையும் சேர்ப்பதா என்பதும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும்.

முறை வைத்து எண்ணுதல்

நீர் குறைந்த காலத்தில் எல்லா வாய்க்கால்களுக்கும் ஒரே நேரத்தில் நீர் விட இயலாது. அப்போது நாள் குறித்து முறை வைத்துப் பாய்ச்சுவது உழவர் வழக்கம். எண்ணிகள் நான்கே இருக்க, பயன்படுத்துபவர் பதினாறு நிகழ்வுகளைக் கேட்டால், இயக்க அமைப்பும் அவ்வழக்கத்தையே கையாள்கிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் மொத்த நேரத்தில் கால் பங்கு கிடைக்கும். அந்நேரத்தில் 6,00,000 என எண்ணப்பட்டால், முழு நேரத்திற்கு அதை நான்கால் பெருக்கி 24,00,000 என மதிப்பிடுவர்.

நிரல் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இயங்கினால் இம்மதிப்பீடு பொருந்தும். தன் முறை வராத நேரத்தில் திடீரெனக் கேஷ் தவறுகள் பெருகினால் அவை கணக்கில் வராமலே போகும். எனவே நேர்மையான இயக்க அமைப்பு எண்ணிக்கையுடன், நிகழ்வு எவ்வளவு நேரம் கேட்கப்பட்டது, அதில் எவ்வளவு நேரம் உண்மையில் எண்ணப்பட்டது என்னும் இரு நேரங்களையும் சேர்த்துத் தருகிறது. எண்ணியது எது, மதிப்பிட்டது எது என்று படிப்பவர் பிரித்தறிய அவை உதவும்.

நிரம்புதலும் வழிதலும்

பேருந்தின் தொலைவுமானி 99,999ஐத் தாண்டியதும் சுழியத்திலிருந்து தொடங்குவதுபோல, எண்ணியும் தன் கொள்ளளவு நிறைந்ததும் சுழியத்திற்குத் திரும்பும். 32 பிட்டு கொண்ட எண்ணி 429 கோடிக்குச் சற்று மேல் வரையே எண்ண வல்லது. நொடிக்கு 100 கோடி முறை துடிக்கும் செயலியின் துடிப்புகளை எண்ணினால், அது ஐந்து நொடிகளுக்குள் நிறைந்துவிடும். 64 பிட்டு எண்ணி அதே வேகத்தில் நிறைய 584 ஆண்டுகள் ஆகும்.

தொலைவுமானி முன்பு 99,980 எனவும் இப்போது 15 எனவும் காட்டினால், கடந்த தொலைவு 35 கி.மீ. எனக் கணக்கிடலாம். இயக்கியும் இவ்வாறே முந்தைய மதிப்பை நினைவில் வைத்து வேறுபாட்டைக் கண்டறிகிறது. ஆனால் இரு பார்வைகளுக்கு இடையில் எண்ணி இருமுறை சுழன்றுவிட்டால் அதைக் கண்டறிய வழியில்லை. ஆகையால் எண்ணி நிறையும்போது செயலி ஒரு குறுக்கீட்டை எழுப்பி இயக்கிக்கு அறிவிப்பது நல்ல அமைப்பாகும். குளம் நிறைந்ததைக் கலிங்கில் வழியும் நீர் அறிவிப்பதைப் போன்றது அது.

இவ்வழிதலை ஆக்கமாகவும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு 10 லட்சம் கேஷ் தவறுகளுக்கும் ஒருமுறை, நிரலின் எந்த இடம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அறிய விரும்பினால், கொள்ளளவில் 10 லட்சம் குறைவான மதிப்பை எண்ணியில் முன்னதாகவே எழுதிவிடுவர். சரியாக 10 லட்சம் தவறுகளுக்குப் பின் எண்ணி வழியும், குறுக்கீடு எழும், அப்போதைய இடம் பதிவாகும். பலமுறை பதிவான இடமே பெரும்பாலும் தவறுகள் மிகுந்த இடம். இருப்பினும், எண்ணி வழிந்த கணத்திற்கும் குறுக்கீடு ஏற்கப்படும் கணத்திற்கும் இடையில் செயலி சில ஆணைகள் முன்னேறிவிடக்கூடும். எனவே பதிவான ஆணையை மட்டுமன்றி அதற்குச் சற்று முன்னுள்ள ஆணைகளையும் ஆராய வேண்டும்.

அளவுக்கும் காவல் வேண்டும்

எண்ணிகள் ஆராய்ச்சியாளருக்கு உதவுவதுபோலவே தீய நோக்கமுடையோர்க்கும் உதவக்கூடும். ஒரு நிரல் எந்தத் தரவை எப்போது நாடியது என்பதன் தடயம் கேஷில் தங்குகிறது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்னும் பாதுகாப்புக் குறைபாடுகள், அத்தடயங்களின் வழியே மறைபொருள்கள் கசியக்கூடும் என்பதை உலகிற்கு உணர்த்தின. பிறருடைய நிரல்களின் கேஷ் தவறுகளை எவரும் எண்ணலாம் என்று விட்டுவிட்டால், மதில் எழுப்பிவிட்டு வாயிலைத் திறந்து வைத்ததாக முடியும். ஆகவே, தம் நிரலை மட்டும் அளக்கும் உரிமை யாருக்கு, முழுக் கணினியையும் அளக்கும் உரிமை யாருக்கு என்பதை இயக்க அமைப்பு வரையறுக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் செயலிகளில் எந்தெந்த எண்ணிகளைக் கீழ்நிலை மென்பொருள்கள் படிக்கலாம் என்று தீர்மானிக்கும் தனிப் பதிவகமே உள்ளது.

திறந்த நூலாக ஒரு செயலி

எண்ணி சொல்வது சரிதானா என்று எவ்வாறு சோதிப்பது? விடை முன்பே தெரிந்த சிறு நிரல் ஒன்றை எழுதி இயக்குவதே எளிய வழி. 10 லட்சம் முறை சுழலும் ஒரு மடக்கில் சுற்றுக்கு ஒரு கிளை ஆணை இருந்தால், எண்ணியும் 10 லட்சத்தை ஒட்டிய விடையைத் தர வேண்டும். இரு மடங்கு காட்டினால், குறை வன்பொருளிலோ, இயக்கியின் அட்டவணையிலோ, வரையறையைப் படித்தவரின் புரிதலிலோ இருக்கும்.

இங்குத்தான் சக்தி போன்ற திறந்த வடிவமைப்பின் சிறப்பு புலப்படுகிறது. மூடிய வடிவமைப்புடைய செயலியில், நிகழ்வின் பொருளை அறிய நிறுவனம் வெளியிடும் கையேடு ஒன்றே வழி. சக்திச் செயலியின் வடிவமைப்பு மூலம் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. ஐயம் எழுந்தால், எந்தச் சூழலில் எண்ணியில் ஒன்று கூட்டப்படுகிறது என்பதை வடிவமைப்பிலேயே தேடிப் படிக்கலாம். லினக்ஸ் இயக்கியின் மூலநிரலும் அவ்வாறே திறந்துள்ளது. கம்பியின் அசைவு முதல் திரையில் தோன்றும் எண் வரை முழுப் பாதையையும் ஒரு மாணவர் தாமே பின்தொடர்ந்து சரிபார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது.

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் குறிக்கும். கணக்கிடுதலை வன்பொருள் செய்துவிடும். ஒரு நொடியில் கோடி முறை பிழையின்றிச் செய்யும். எதைக் கணக்கிடுவது, அதற்கு என்ன பெயர் வைப்பது, தெரியாதபோது என்ன விடை சொல்வது என்பவற்றை மனிதரே சிந்தித்து அமைக்க வேண்டும். எண்ணைப் படிப்பவர் எந்த வரையறையையும் நேரில் கண்டிருக்கமாட்டார். பெயரை நம்பியே முடிவெடுப்பார். அந்த நம்பிக்கைக்கு உரியவாறு ஒவ்வொரு நிகழ்வையும் வரையறுப்பதே வடிவமைப்பாளரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள குளம், வாய்க்கால், அணைக்கட்டு ஆகியவற்றுள் ஒன்றில் நீரின் அளவு எங்கே, எவ்வாறு குறிக்கப்படுகிறது என்பதை அறிந்து வகுப்பில் எடுத்துரைக்க.

2. ‘பள்ளிக்கு இன்று வந்தோர்’ என்பதை எண்ண வேண்டுமெனில் எவ்வெவற்றை முன்னதாக வரையறுக்க வேண்டும்? குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

3. கணினி ஆசிரியரின் துணையுடன், ஓர் அணியின் எண்களை வரிசை வழியாகவும் நிரல் வழியாகவும் கூட்டும் இரு நிரல்களை இயக்கி, அவை எடுத்துக்கொள்ளும் நேரங்களை ஒப்பிடுக.